நான்கு வழக்கறிஞர்கள் உள்ள அலுவலகத்துக்கு எந்தக் கிளவுட் சேவை பொருந்தும்?

கேள்வி: மதுரை வழக்கறிஞர்

நான்கு வழக்கறிஞர்களும் இரண்டு குமாஸ்தாக்களும் உள்ள எங்கள் அலுவலகம் பெரும்பாலும் சொத்து வழக்குகளையும் குடும்ப வழக்குகளையும் நடத்துகிறது. வழக்குக் கட்டுகளின் ஸ்கேன் நகல்கள் அலுவலகக் கணினியிலும், மனு வரைவுகள் அவரவர் சொந்த ஜிமெயிலிலும், கட்சிக்காரர்கள் அனுப்பும் ஆவணங்கள் வாட்ஸ்அப்பிலும் சிதறிக் கிடக்கின்றன. எல்லாவற்றையும் ஓரிடத்தில் சேர்க்க எண்ணுகிறோம். ஆனால், கட்சிக்காரரின் ரகசியத்தை வெளியார் சர்வரில் வைப்பது முறையா என்று எங்கள் சீனியர் தயங்குகிறார். ஜோஹோ, மைக்ரோசாஃப்ட் 365, கூகுள் வொர்க்ஸ்பேஸ் ஆகியவற்றில் எது ஏற்றது?

பதில் 1: சென்னை, சிவில் வழக்கறிஞர்

உங்கள் சீனியரின் தயக்கம் நியாயமானது. பழைய சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 132ஆம் பிரிவு, கட்சிக்காரர் நம்மிடம் சொன்னதை அவர் அனுமதியின்றி வெளியிடக் கூடாது என்பதோடு, அந்தக் கட்டுப்பாட்டைக் குமாஸ்தாக்களுக்கும் ஊழியர்களுக்கும் விரிக்கிறது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் பாருங்கள். சட்ட உரிமையை நிலைநாட்டத் தேவையான தரவுப் பயன்பாட்டுக்கு 17ஆம் பிரிவு பல விலக்குகளைத் தந்தாலும், 8(5)ஆம் உட்பிரிவின் பாதுகாப்புக் கடமையை அது விலக்கவில்லை. நம் சார்பில் தரவைக் கையாளும் நிறுவனத்திடம் உள்ளவையும் அந்தக் கடமைக்குள் வருகின்றன. அதில் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர அவை 18 மாத அவகாசம் தந்துள்ளன. ஆகவே கிளவுடுக்கு மாறுவதைச் சட்டம் தடுக்கவில்லை. மாறிய பிறகும் பொறுப்பு உங்களுடையதே.

பதில் 2: கணினிக் கட்டமைப்பு நிர்வாகி

மூன்று சேவைகளும் உங்கள் அளவுக்குப் போதும். இந்தியக் கணக்குகளின் தரவை ஜோஹோ இந்தியாவிலுள்ள தரவு மையங்களில் வைக்கிறது. மைக்ரோசாஃப்டுக்கும் சென்னை, புனே, மும்பையில் மையங்கள் உள்ளன. ஆனால் 2018இல் அமெரிக்கா இயற்றிய கிளவுட் சட்டத்தின்படி, அந்நாட்டு நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் உள்ள தரவு எந்த நாட்டில் இருந்தாலும் உரிய ஆணையின் பேரில் கேட்கப்படலாம் என்பதால், சர்வர் இந்தியாவில் இருப்பதை மட்டும் வைத்து நிம்மதி அடைய முடியாது. அந்தக் கவலை பெரிதென்றால் ஜோஹோவைத் தேர்ந்தெடுங்கள். வேர்டு கோப்புகளில் திருத்தக் குறிப்புகளோடு நாள் முழுக்க வேலை செய்பவர்கள் என்றால் மைக்ரோசாஃப்டே வசதி.

என் பார்வையில் உங்கள் உண்மையான ஆபத்து அந்தச் சொந்த ஜிமெயில் கணக்குகள்தாம். ஒரு ஜூனியர் வேறு அலுவலகத்துக்குப் போகும்போது வழக்குக் கோப்புகளும் அவரோடு போய்விடுகின்றன. எந்தச் சேவையானாலும் அலுவலகத்தின் சொந்த டொமைனில் கணக்குகளைத் தொடங்கி, இருபடிச் சரிபார்ப்பை அனைவருக்கும் கட்டாயமாக்கி, வழக்குவாரியான கோப்புறைகளில் அந்த வழக்கைப் பார்ப்பவருக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். இணைப்பு கிடைத்தவர் எவரும் திறக்கலாம் என்ற பகிர்வு வசதியை நிர்வாகி கணக்கிலேயே மூடிவிடுங்கள். கணினிக் கோப்புகளின் மாற்றங்கள் தானாகவே கிளவுடுக்கும் போகும் ஒத்திசைவை (sync) பேக்கப் என்று நினைக்க வேண்டாம். பணம் பறிக்கும் தீம்பொருளான ரேன்சம்வேர் ஒரு கணினியில் கோப்புகளைப் பூட்டினால், பூட்டிய நிலையிலேயே அவை கிளவுடுக்கும் ஏறிவிடும். வாரந்தோறும் ஒரு வெளிப்புற ஹார்ட் டிஸ்கில் மறையாக்கம் செய்த நகலை எடுத்து, எடுத்தவுடன் இணைப்பைத் துண்டித்து வையுங்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. குடும்ப வழக்குகளில் கட்சிக்காரர்கள் தரும் ஒலிப்பதிவுகளையும் புகைப்படங்களையும் இதே கோப்புறைகளில் வைத்தால், பின்னர் சாட்சியமாகத் தாக்கல் செய்வதில் சிக்கல் வருமா?

பதில் 3: சென்னை, சிவில் வழக்கறிஞர்

வைக்கலாம், எப்படி வந்து சேர்கிறது என்பதில்தான் கவனம் வேண்டும். மின்னணுப் பதிவைச் சாட்சியமாகத் தர பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழில் இப்போது ஹேஷ் மதிப்பை, அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும், கோப்பு சற்று மாறினாலும் மாறிவிடும் அடையாளக் குறியீட்டைக் குறிப்பிட வேண்டும். ஒரு பகுதியில் நிபுணர் கையொப்பமிட வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் புகைப்படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டு, அசலின் ஹேஷிலிருந்து மாறிவிடும். எனவே பதிவு செய்த கைபேசியைக் கட்சிக்காரரே பத்திரமாக வைத்திருக்கட்டும். அதிலிருந்து கேபிள் வழியாகக் கோப்பை நகலெடுத்து, அன்றே ஹேஷைக் கணக்கிட்டு வழக்குக் கட்டில் குறித்துவிடுங்கள். கிளவுடில் ஏற்றும்போது திருத்த அனுமதி இல்லாத தனிக் கோப்புறையில் வையுங்கள்.