பெட்ரோல் ஃபில்டர் நட் துருவேறி இறுகிக் கிடக்கிறது, அவசர உதவி தேவை

ஈசூன்வாசி
வணக்கம். பெட்ரோல் ஃபில்டரை மாற்றிக்கொண்டிருக்கிறேன். மேல் போல்ட் கழன்றுவிட்டது. கீழ் நட் அசையவே மாட்டேன் என்கிறது, முழுக்கத் துரு. ஸ்பேனர் வழுக்கி வழுக்கி நட்டின் முனைகள் பாதி மழுங்கிவிட்டன. துரு இளக்கும் ஸ்பிரே அடித்தும் பயனில்லை. நாளை காலை வேலைக்கு வண்டி வேண்டும். எப்படிக் கழற்றுவது?

கியர்பெட்டி
என்ன வண்டி, எந்த ஆண்டு? சில வண்டிகளில் ஃபில்டர் இன்ஜின் பக்கம் இருக்கும், சிலவற்றில் அடிப்பாகத்தில், புதிய ஜப்பானிய வண்டிகள் பலவற்றில் டாங்கிக்குள் பம்புடனேயே இருக்கும். எந்த ஸ்பேனரைப் பயன்படுத்தினீர்கள்? குழாயில் இருந்த அழுத்தத்தை முதலில் இறக்கினீர்களா?

செங்காங்_மணி
அதைவிட முக்கியம், வண்டி எங்கே நிற்கிறது? சிங்கப்பூர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பலமாடிக் கார் நிறுத்துமிடம் என்றால் தயவுசெய்து அங்கே தொடாதீர்கள். அங்கு வண்டியைப் பழுதுபார்க்க அனுமதி கிடையாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு ஊர்ந்து போகும். நான்கு வண்டி தள்ளி ஒருவர் சிகரெட் பற்றவைத்தால் போதும்.

இன்ஜின்_வாத்தியார்
தம்பி, கருவி இல்லாமல், வண்டியின் பெயரைக்கூடச் சொல்லாமல், இரவில் வந்து உதவி கேட்டால் யார் என்ன செய்ய முடியும்? இதே கேள்விக்கு நான் பலமுறை விளக்கம் எழுதியிருக்கிறேன். படித்துவிட்டு வந்திருந்தால் நட் மழுங்கியிருக்காது. எரிபொருள் குழாய் கற்றுக்குட்டிகள் கைவைக்கும் இடமன்று. இழுவை வண்டியைக் கூப்பிட்டு சின் மிங் பக்கம் உள்ள பட்டறைகளுக்குக் கொண்டுபோங்கள்.

ஈசூன்வாசி
ஹோண்டா சிவிக், 1998. வாகன உரிமைச் சான்றிதழைப் புதுப்பித்து ஓட்டுகிறேன். அண்ணனின் தரைவீட்டு முற்றத்தில், திறந்த வெளியில் நிற்கிறது. சாதாரண 14 ஸ்பேனர். பம்பின் ஃபியூசை எடுத்துவிட்டு இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டேன்.

ரிலே_ரசிகர்
ஃபில்டரை எதற்கு மாற்றுகிறீர்கள்? அதைச் சொல்லவே இல்லையே! வெயிலில் நிறுத்தி எடுக்கும்போது வண்டி கிளம்ப மறுக்கிறதா? அந்தக் காலத்துச் சிவிக் என்றால் முதலில் மெயின் ரிலேயை, அதாவது பம்புக்கு மின்சாரம் விடும் சுவிட்சைப் பாருங்கள். உள்ளே ஈயப்பற்று விரிசல் விட்டிருந்தால் சூட்டில் தொடர்பு அறுந்து பம்ப் ஓடாது. ஆறியதும் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பிவிடும். ஃபில்டர்மேல் பழி போட்டுக் காசைச் செலவழிப்பவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

ஈசூன்வாசி
கிளம்புவதில் சிக்கல் இல்லை. விரைவுச்சாலையில் அழுத்தினால் குலுங்குகிறது. ஃபில்டர் எப்போது மாற்றப்பட்டது என்று பழைய உரிமையாளருக்கே தெரியவில்லை.

அக்கரைச்சீமை
எதற்கு இந்தப் பாடு? எல்லை தாண்டி மலேசியாவின் ஜோகூரில் கூலி குறைவு. காலையில் விட்டால் மதியம் எடுத்துவிடலாம்.

செங்காங்_மணி
மேல் போல்ட்டைக் கழற்றிவிட்டார் என்று எழுதியிருக்கிறாரே, அந்த வண்டியைப் பாலம் தாண்டி எப்படி ஓட்டிப் போவது? ஓடும் என்றே வைத்துக்கொள்வோம். சிங்கப்பூர் வண்டி முக்கால் டாங்க் எரிபொருள் இல்லாமல் எல்லை தாண்டக் கூடாது, 1991 முதல் இதுதான் சட்டம். எரிபொருள் குழாய் கோளாறான வண்டியில் முக்கால் டாங்க் பெட்ரோலுடன் உட்லண்ட்ஸ் நெரிசலில் நிற்கச் சொல்கிறீர்களா?

அக்கரைச்சீமை
சரிசெய்த பிறகு மற்ற வேலைகளுக்கு என்றுதான் சொன்னேன். நம் பட்டறைகளில் கேட்கும் தொகை நியாயமா என்று நீங்களே சொல்லுங்கள்.

செங்காங்_மணி
2025 ஜூலையிலிருந்து விஇபி (வெளிநாட்டு வண்டிகளுக்கான மலேசிய நுழைவு அனுமதி) இல்லாமல் அங்கே போனால் 300 ரிங்கிட் அபராதம். அதையும் கணக்கில் சேருங்கள். அங்கே மாட்டிய பாகம் அசலா என்று பார்க்க மறுபடி ஒரு நாள் போக வேண்டும். இங்கே வேலை பிசகினால் மறுநாளே போய்க் கேட்கலாம்.

லைட்டர்_தாசன்
நட்டைச் சூடேற்றுங்கள். சிறு கேஸ் டார்ச் போதும், துரு விட்டுவிடும். சைலன்சர் போல்ட்டுக்கு எப்போதும் அப்படித்தான் செய்கிறேன்.

கியர்பெட்டி
செய்யவே செய்யாதீர்கள்! சைலன்சருக்குள் பெட்ரோல் இல்லை, இதற்குள் இருக்கிறது. நெருப்பு, ஹீட் கன், சூடாகும் பல்பு எதுவும் அருகில் வேண்டாம். எல்இடி விளக்கு மட்டும் போதும்.

ஈசூன்வாசி, நிதானமாகப் படியுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள். உலர்பொடி தீயணைப்பான் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும், பெட்ரோல் தீக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது. திறந்து கிடக்கும் மேல் குழாயின் வாயில் சுத்தமான பிளாஸ்டிக்கைச் சுற்றுங்கள், துருத் தூள் உள்ளே போனால் இன்ஜினுக்குப் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்தான் பலியாகும். கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள்.

ஃபில்டர் எப்படியும் குப்பைக்குப் போகப்போகிறது, அதன்மேல் இரக்கம் வேண்டாம். காப்பாற்ற வேண்டியது அந்த இரும்புக் குழாயை. நட் குழாயோடு ஒட்டிக்கொண்டிருந்தால், நீங்கள் நட்டைத் திருப்பும்போது குழாயும் சேர்ந்து முறுக்கிக்கொள்ளும். ஒரு முறை முறுக்கினால் விரிசல்தான். புதுக் குழாய் போடுவது இதைப்போல் பத்து மடங்கு வேலை.

ஆகவே நட்டைத் திருப்பாதீர்கள், ஃபில்டரைத் திருப்புங்கள். மேல் போல்ட்தான் கழன்றுவிட்டதே. ஃபில்டரை இன்ஜின் அறையின் பின்சுவரோடு பிடித்திருக்கும் வளையத்தின் போல்ட்டையும் எடுத்துவிட்டால் ஃபில்டர் தன்னிச்சையாகச் சுற்றும். மழுங்கிய நட்டை வைஸ் கிரிப்பால் (கவ்விப் பூட்டிக்கொள்ளும் குறடு) இறுகப் பிடித்து அசையாமல் நிறுத்துங்கள். ஃபில்டரின் அடியில் உள்ள அறுகோணப் பகுதியில் பெரிய ஸ்பேனரைப் போடுங்கள். இரண்டு பிடிகளும் ஒரே கைக்குள் அடங்கும்படி நெருக்கமாக வைத்து, உள்ளங்கையால் நெருக்குங்கள். அப்போது விசை முழுவதும் திருகு மரையில் இறங்கும், குழாய்க்குப் போகாது. முதலில் மயிரிழை அளவு இறுக்கும் திசையில் அசைத்துப் பாருங்கள், துரு உடைந்தால் ‘டக்’ என்று கேட்கும். அதன் பிறகு தளர்த்துங்கள். அதற்கு முன் எண்ணெய் விட்டு இரவு முழுவதும் ஊறவிடுவது நல்லது. நாளை பஸ்ஸில் போங்கள்.

இன்ஜின்_வாத்தியார்
பிளேர் நட் ஸ்பேனர் என்று ஒரு கருவி இருப்பதை யாரும் சொல்லவில்லை. நட்டின் ஐந்து பக்கங்களைப் பிடிக்கும், குழாய் நுழைய ஒரு கீற்று மட்டும் திறந்திருக்கும். தொடக்கத்திலேயே அதைப் போட்டிருந்தால் இவ்வளவு பேச்சே தேவைப்பட்டிருக்காது. சாதாரண ஸ்பேனர் இரண்டு முனையை மட்டும் பிடிக்கும், மழுங்காமல் என்ன செய்யும்?

கியர்பெட்டி
ஐயா சொல்வது சரி, ஆனால் மழுங்கிய நட்டில் இனி அதுவும் வழுக்கும். புதிய ஃபில்டரை மாட்டும்போது அது கட்டாயம் வேண்டும்.

மாட்டும்போது: நட்டைக் கையாலேயே சில சுற்று ஏற்றிவிட்டுத்தான் வளையத்தை இறுக்க வேண்டும், இல்லையென்றால் மரை குறுக்கே ஏறிவிடும். நட் மிகவும் மோசமாக இருந்தால் பட்டறையில் காட்டிவிட்டு மாட்டுங்கள். மேல் போல்ட்டின் இரு பக்கமும் உள்ள செப்பு வளையங்களைப் புதிதாகப் போடுங்கள். பழையவை ஒருமுறை நசுங்கிவிட்டன, கசியும். பிறகு ஃபியூசையும் பேட்டரி முனையையும் திரும்ப மாட்டி, சாவியை ஓரிரு விநாடி திருப்பி அணைத்து, பம்ப் அழுத்தம் ஏற்றட்டும். விளக்கடித்துப் பாருங்கள். ஒரு சொட்டு ஈரம் தெரிந்தாலும் இன்ஜினைக் கிளப்பாதீர்கள்.

செங்காங்_மணி
வடிந்த பெட்ரோலைச் சாக்கடையில் ஊற்றிவிடாதீர்கள். துடைத்த துணியையும் கசக்கிக் குப்பையில் போடாமல் திறந்த வெளியில் விரித்து உலர்த்துங்கள்.

அக்கரைச்சீமை
செப்பு வளையம் ஜோகூரில் மலிவு.

செங்காங்_மணி
இரண்டு வளையம் வாங்கப் பாலம் தாண்டுவதா? காக்கி புக்கிட்டில் உதிரிபாகக் கடைகள் இருக்கின்றன.

ஈசூன்வாசி
கழன்றுவிட்டது. ஃபில்டரைத் திருப்பியதில்தான். குழாய் முறுக்கவில்லை. பழைய ஃபில்டரைக் கவிழ்த்தபோது காப்பி நிறத்தில் வடிந்தது. வளையம் வாங்கப் போகிறேன். கியர்பெட்டி அண்ணாவுக்கும் அனைவருக்கும் நன்றி.

கியர்பெட்டி
மகிழ்ச்சி. அந்த நிறம் டாங்கியின் உட்புறத் துருவாக இருக்கலாம். அப்படியென்றால் புது ஃபில்டரும் சீக்கிரம் அடைக்கும். டாங்கியையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

ரிலே_ரசிகர்
மாட்டி ஓட்டிய பிறகு குலுங்கல் நின்றதா? தெரியப்படுத்துங்கள்.

ரிலே_ரசிகர்
ஈசூன்வாசி, இருக்கிறீர்களா?