முறைத் தண்ணீர் வாரத்தில் பைபோலார் உள்ளவருக்குத் தூக்க நேரம் வகுப்பது எப்படி?

வெண்ணாற்றங்கரை:
மன்னார்குடி, நீடாமங்கலம் பக்கம் மனநலக் களப்பணி. பைபோலாருக்கு (மனம் அளவுமீறிப் பொங்குவதும் சோர்வதும் மாறி மாறி வரும் நோய்) லித்தியம் மாத்திரை எடுப்பவர்களுக்குத் தினசரி அட்டவணை கொடுக்கிறோம். அதில் ஐந்து நேரம் குறிக்கணும்: எழுவது, முதலில் இன்னொருவரிடம் பேசுவது, வேலை தொடங்குவது, இரவுச் சாப்பாடு, படுப்பது. வழக்கமான நேரத்துக்கு 45 நிமிடம் முன்னே பின்னே இருந்தால் சரி. சித்திரையில் ஒழுங்காக வருகிறது. ராத்திரி முறைத் தண்ணீர் (முறை வைத்து வயலுக்கு விடும் தண்ணீர்), கொள்முதல் நிலையத்தில் நெல்லுக்குக் காவல் என்று வந்துவிட்டால் அட்டவணையே கலைகிறது. "எனக்காகத் தண்ணி காத்திருக்குமா?" என்று கேட்கிறார்கள். என்ன சொல்வது?

கோரையாறு:
வயல் வேலையை "வேலை தொடங்கும் நேரம்" என்று எழுத வைத்ததுதான் சிக்கல். டெல்டாவில் தண்ணீரும் அறுவடை இயந்திரமும் நம் கையில் இல்லை. மாடு கறப்பது, பால் சொசைட்டி, பள்ளிக்கூட வேன் இதெல்லாம் நகராது. அதில் ஒன்றை எழுதச் சொல்லுங்கள். கறவை 5.30 என்றால் வழக்கமாக எழுவது 5.15; மடைக்குப் போனாலும் போகாவிட்டாலும் கறவை 5.30தான்.

காவலை வீட்டில் பிரித்துக்கொள்ள வேண்டும். இவருக்கு விடியக்கால முறை: ராத்திரி 8.30க்குப் படுத்து 3 மணிவரை தூக்கம், அதற்குப் பிறகு மடை. மறுநாள் மதியம் ஒரு தூக்கம், 3 மணிக்குள் எழுந்துவிடணும். அடுத்தடுத்து இரண்டு ராத்திரி கூடவே கூடாது. தூக்கம் குறைவது மேனியாவின் (மனம் அளவுமீறிப் பொங்கும் நிலை) விளைவு மட்டுமில்லை, மேனியாவைக் கிளப்பிவிடுவதும் அதுதான்.

பலர் செய்யும் தப்பு, கண் விழிக்கணும் என்று ராத்திரி மாத்திரையை விட்டுவிடுவது. தூக்கம் வரவைக்கும் க்வெட்டியாபின் மாத்திரை போட்டுக்கொண்டு இருட்டில் வரப்பில் நடப்பதும் ஆபத்து. ஆகவே அந்த மாத்திரை உள்ளவருக்கு ராத்திரிக் காவலே வேண்டாம். குடும்பத்தைக் கூப்பிட்டு வைத்துப் பேசுங்கள், அவரிடம் மட்டும் சொன்னால் நடக்காது.

திண்ணைவெளிச்சம்:
ஒன்று சேர்க்கிறேன். "தூக்கமே இல்லை" என்று சொன்னால் உடனே கேட்க வேண்டியது: மறுநாள் அலுப்பு இருந்ததா? அலுப்பு இருந்தால் சாதாரணத் தூக்கமின்மையாக இருக்கலாம். மூன்று நான்கு மணி நேரமே தூங்கி, அலுப்பே இல்லாமல், பேச்சும் செலவும் கூடினால் மேனியா ஆரம்பம். இரண்டு நாள் அப்படி இருந்தாலே மருத்துவரிடம் போகணும், ஞாயிறு வரை பார்ப்போம் என்று இருக்கக்கூடாது. அந்த நாட்களில் மாலை 6 மணியிலிருந்து மங்கிய மஞ்சள் விளக்கு போதும், டியூப்லைட்டும் போனும் வேண்டாம். நீல ஒளியைத் தடுக்கும் ஆரஞ்சுக் கண்ணாடி மேனியாவைத் தணிக்க உதவியதாக 2016இல் நார்வே ஆய்வு ஒன்று வந்தது. மருந்தோடு சேர்த்துத்தான், மருந்துக்குப் பதிலாக இல்லை.

மனச்சோர்வில் கிடப்பவருக்கு நேர்மாறு, வெளிச்சம் வேண்டும். வீட்டுக்குள் வெளிச்சம் சில நூறு லக்ஸ் (ஒளியின் அளவு) தான். மேகமூட்டத்திலும் வாசலில் ஆயிரக்கணக்கில் இருக்கும். எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் அரை மணி திண்ணையில் உட்கார வையுங்கள். எட்டு மணிக்கு எழுபவரை ஒரேயடியாக ஐந்துக்கு இழுக்காதீர்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை 15 நிமிடம் முன்னே கொண்டுவந்தால் போதும். காலை வெளிச்சத்தில் எரிச்சலும் படபடப்பும் ஏறினால் அதை மதியத்துக்கு மாற்றிவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். டிகிரி காபியை மதியம் 2 மணியோடு நிறுத்துவது நம் ஊரில் கஷ்டம்தான், ஆனாலும் கேளுங்கள்.

வெண்ணாற்றங்கரை:
கறவை நேரம் நல்ல யோசனை. மாடு இல்லாதவருக்கு பள்ளி வேன் வைக்கிறேன். வெயிலில் லித்தியத்துக்கு என்ன கவனிக்கணும்?

கோரையாறு:
வியர்வையில் நீர் வற்றினால் ரத்தத்தில் லித்தியம் ஏறும். தண்ணீர் தாராளமாக, உப்பைத் திடீரென்று குறைக்க வேண்டாம். நடவு முடித்து உடம்பு வலிக்கு டைக்ளோஃபினாக், இப்யூபுரோஃபன் வாங்கிப் போடக்கூடாது, பாரசிட்டமால் பரவாயில்லை. கை பலமாக நடுங்குவது, வாந்தி, வயிற்றுப்போக்கு, தள்ளாட்டம், நாக்குக் குழறல் வந்தால் அடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரி. ரத்தப் பரிசோதனை கடைசி மாத்திரைக்கு 12 மணி நேரம் கழித்து: ராத்திரி 8க்குப் போட்டால் காலை 8க்கு ரத்தம், காலை மாத்திரை அதற்குப் பிறகுதான். ராத்திரியில் ஆலோசனை கேட்க அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, தமிழிலேயே பேசலாம்.