ஹெல்மெட் கழற்றாத மனிதர்

வாவிக்கரையான்:
மட்டக்களப்பு, கல்லடிப் பழைய பாலம், மாலை ஆறரை. ஆண்கள் ஆண்களைத் தேடும் கிரைண்டர் ஆப்பில் மூன்று கிழமை கதைத்த ஆள், முகப்படம் கிடையாது. பைக்கைக் கரையில் விட்டுவிட்டு ஹெல்மெட்டோடேயே நடந்து வந்தார். நானும் கழற்றச் சொல்லவில்லை, பாலத்தில் காற்று வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் தெரிந்த ஆட்கள்தானே. பத்து நிமிடம் மீன் விலை, மழை. அப்புறம் கண்ணாடியை மட்டும் தூக்கிவிட்டுக் கேட்டார்: “தம்பி, நீங்க என்ன குடி?”

கல்யாணம் பேச வருகிறவர்கள் கேட்கிற கேள்வி! குடி என்றால் எங்கள் பக்கம் தாய்வழி வம்சம், ஒரே குடி என்றால் சகோதர முறை, கட்ட முடியாது. அம்மாவின் குடியைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. “அப்ப நாம அண்ணன் தம்பி முறைகா” என்றார். ஹெல்மெட்டுக்குள்ளே சிரிப்புச் சத்தம்.

என்னை அப்படித் தெரிந்துகொண்டு ஒருவர் முறை பார்த்தது அதுதான் முதல் தடவை. பிறகு ஆளையும் காணோம், புரொபைலையும் காணோம். சிவப்பு ஹெல்மெட் கண்டால் இன்னும் திரும்பிப் பார்க்கிறேன்.

திருக்கோவில்காரன்:
தனியாகப் போனதை அழகாக எழுதுகிறீர்கள். எனக்கும் ஒருவர் வரச் சொன்னார், வந்தது மூன்று பேர். என் படமும் அக்காவின் பேஸ்புக்கும் ஒரே போனில். இருபதாயிரம் கேட்டார்கள். கையில் ஏழாயிரம்தான், மீதிக்கு மோதிரம். கடலில் குளிக்கும்போது கழன்று விழுந்தது என்று வீட்டில் சொன்னேன். அம்மா இன்றைக்கும் கடலைத் திட்டுகிறார்.

மூன்றாங்குறுக்கு:
திருக்கோவில் தம்பி, காசு கொடுத்தது பிழை. ஒரு தடவை கொடுத்தால் திரும்பவும் வருவான். அவன் நம்பியிருப்பது வெள்ளைக்காரன் காலத்துத் தண்டனைச் சட்டக் கோவையின் 365ஏ பிரிவை, ஆணும் ஆணும் உறவு கொள்வதைக் குற்றமாக்கியது அதுதான். 1995 இல் திருத்தும்போது நீக்குவார்கள் என்று பார்த்தால், பெண்களையும் சேர்த்துவிட்டார்கள். 2023 மே மாதம் உயர் நீதிமன்றம், இதைக் குற்றமில்லை என்றாக்கும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை என்றது. அதோடு சட்டம் மாறிவிடவில்லை, சரி. ஆனால் மிரட்டிக் காசு பறிப்பதும் அதே கோவையில் குற்றம்தான். அவன் அனுப்பியதை அழிக்காதே. முறைப்பாட்டுக்குத் தனியாகப் போகாதே, சட்டத்தரணியோடு போ. கொழும்பில் நம்மைப் போன்றவர்களின் உரிமைக்கான அமைப்பு ஈக்குவல் கிரவுண்ட் 2004 முதல் இருக்கிறது, முதலில் அவர்களிடம் கேள்.

என் கதை சின்னது. அம்மாவின் வீடு தங்கச்சிக்குச் சீதனம், நம் பக்க வழக்கம். ஆண்பிள்ளை கட்டின இடத்துக்குப் போக வேண்டும். நான் கட்டவில்லை. 41 வயதில், பிறந்த வீட்டு விறாந்தையில் மச்சானின் விருந்தாளியாகப் படுக்கிறேன்.

திருக்கோவில்காரன்:
அட்வைஸ் யார் கேட்டது அண்ணன்? பொலிஸில் முதலில் பெயர், பிறகு அப்பாவின் பெயர். அதைச் சொல்ல எனக்கு வாய் வருமா?

வாவிக்கரையான்:
சண்டை வேண்டாம். மூன்றாங்குறுக்கு அண்ணன், ஒன்று கேட்கட்டா? உங்கள் ஹெல்மெட் என்ன நிறம்?

மூன்றாங்குறுக்கு:
நான் ஓடுவது சைக்கிள் தம்பி.