போதிகை வார்ப்பில் மயிரிழை விரிசல், அச்சுக் கூலிக் கணக்கு: அலங்காரப் பட்டறை வைத்திருப்பவர்கள் சொல்லுங்க

சேவூர்_சுதை கேட்டது:

வணக்கமுங்க. கோபுரச் சுதை வேலை பழகினவன். இப்போ அவிநாசி பக்கம் 20க்கு 40 அடி ஷெட் பிடிச்சு வீட்டு எலிவேஷன் வேலைக்குத் திரும்பியிருக்கேன். தூண் தலையில உட்கார்ற போதிகை, சுவரோட மேல்விளிம்புல ஓடற அலங்காரப் பட்டியான கார்னிஸ், வாசல் தோரணம் எல்லாம் வார்த்துக் குடுக்கறது. மூணு சந்தேகமுங்க.

ஆடியில வார்த்த 12 போதிகையில 5-க்கு அச்சு வாய்ப் பக்கம், அதாவது கலவை ஊத்தற திறந்த பக்கம், மயிரிழை விரிசல். ஒன்றரை அடி சதுரம், ஒரு அடி உயரம், முழு வார்ப்பு. சிமென்ட் 1, எம்-சாண்ட் 2, சின்ன சிப்ஸ் 2, உள்ளே 6 எம்எம் கம்பி. மறுநாள் காலையில பிரிச்சு, சாயங்காலம் தண்ணி ஊத்தினோம். எங்கே தப்பு?

ரெண்டாவது, வீட்டுக்காரர் "பீஸ் என்ன விலை"ன்னு மட்டும்தான் கேக்கறார். களிமண் மாடலுக்கும் ரப்பர் அச்சுக்கும் ஆன செலவை எங்கே ஏத்தறது?

மூணாவது, ஜிப்சம், சிமென்ட், ஃபைபர் மூணையும் ஒரே ஷெட்ல வெச்சுக்கலாமா?

---

நொய்யல்கரை:

விரிசல் எந்த ஜாதின்னு முதல்ல பாருங்க தம்பி. பீஸ் மேல தண்ணி ஊத்திட்டு காய விடுங்க. மேல்பரப்பு வெளுத்த பிறகும் விரிசல் மட்டும் ஈரக்கோடா நிக்கும், அப்போ வடிவம் நல்லாத் தெரியும்.

ஒண்ணுக்கொண்ணு தொடாத நேர்க்கோடுகளா இருந்தா, இறுகறதுக்கு முன்னாடியே மேல்ஈரம் பறந்த விரிசல். மீன்செதில், சிலந்தி வலை மாதிரி இருந்தா, கரணை போடும்போது உலர் சிமென்ட் தூவித் தேய்ச்சதுனு அர்த்தம். கம்பி போன வழியிலேயே கோடு ஓடுதுன்னா கம்பிக்கு மேல மூடல் பத்தலை. முதல் ரெண்டையும் சிமென்ட்டும் அக்ரிலிக்கும் கலந்த குழம்பைப் பிரஷ்ல தேய்ச்சு அடைச்சுக்கலாம். மூணாவதை வெளியே மாட்டாதீங்க. தண்ணி இறங்கி கம்பி துருப்பிடிச்சா, துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேக்கும், மூக்கு மூக்கா உதிரும். கோபுரச் சுதையில கை விரல் மொதல்ல விழறது இதனாலதான், உங்களுக்கே தெரியும்.

அச்சு வாய்ப் பக்கம் மட்டும்னு சொல்றதால என் சந்தேகம் காத்து மேலதான். பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்ற ஆடிக்காத்து நம்ம பக்கம் துணி காயப்போட நல்லது, வார்ப்புக்கு எமன். வெயிலே இல்லாட்டியும் ஈரத்தை உறிஞ்சிரும். நீங்க தண்ணி காட்டினது ஏறக்குறைய 24 மணி நேரம் கழிச்சு. சேதம் முதல் 3, 4 மணி நேரத்துலயே நடந்து முடிஞ்சிருக்கும்.

மேற்குப் பக்கம் 7 அடிக்குத் தார்ப்பாய் மறைப்பு கட்டுங்க. கரணை முடிஞ்ச உடனே பாலித்தீன் விரிச்சு ஓரத்துல மணல் வெச்சு அமுக்குங்க. பிரிச்ச பிறகு ஈரச்சாக்கு, அது மேல பாலித்தீன், 7 நாள். எம்-சாண்ட்ல தூசி ஜாஸ்தின்னா தண்ணி ஜாஸ்தி இழுக்கும். கண்ணாடி டம்ளர்ல மணலும் தண்ணியும் போட்டுக் குலுக்கி வெச்சா மேல படியற சேறு எவ்வளவுன்னு தெரியும். கழுவின மணலா வாங்குங்க.

---

தச்சுமுழம்:

விலைக் கணக்கு. கோயில் வேலையில ஒவ்வொரு உருவமும் கைவேலை, அதனால கூலிநாளை எண்ணினாப் போதும். வார்ப்புப் பட்டறையில செலவு உட்கார்ந்திருக்கறது அச்சுல. பீஸ் விலைக்குள்ள அதை ஒளிச்சு வெச்சா 12 பீஸ் கேட்டவர் 6-ஆக் குறைக்கும்போது உங்க பாக்கெட்தான் கிழியும். கொட்டேஷன்ல "மாடல், அச்சுக் கூலி" ஒரு வரி, "வார்ப்பு, பீஸுக்கு" ஒரு வரி, "ஏத்து கூலி, மாட்டு கூலி" ஒரு வரி. மூணும் தனித்தனி.

உதாரணத்துக்கு உங்க போதிகையையே எடுத்துக்கங்க. களிமண் மாடலுக்கு 6 ஆள்நாள். சிலிகான் 5 எம்எம் கனத்துக்கு 5 கிலோவுக்குக் குறையாது. அதுக்கு மேல ரப்பர் வளையாமத் தாங்கற ஃபைபர் ஜாக்கெட், அதாவது கெட்டி வெளிக்கூடு. எல்லாம் சேர்ந்து 18,000 ஆச்சுன்னு வெச்சுக்கிட்டா, 12 பீஸ்னா பீஸுக்கு 1,500. 6 பீஸ்னா பீஸுக்கு 3,000. இந்த ரெண்டு எண்ணையும் வீட்டுக்காரர்கிட்ட எழுதியே காட்டுங்க, பேரம் தானா அடங்கும். 12-க்கு ஆர்டர்னா 13 வார்த்துருங்க, உடைசல் இல்லாத லோடு கிடையாது. அச்சு யாருக்குச் சொந்தம்ங்கறதையும் எழுதிப்போடுங்க. நாளைக்கு அதே டிசைன் பக்கத்து வீட்டுல ஏறினா பஞ்சாயத்து வரும்.

அட்வான்ஸ் மூணு தவணை: மாடலுக்கு முன்னாடி, மாடல் ஒப்புதலுக்கு, லோடு ஏத்தறதுக்கு முன்னாடி. மாட்டின பிறகு வாங்கிக்கலாம்னு ஒரு தவணையை விட்டீங்கன்னா அது கிரகப்பிரவேச மொய்யோட போயிரும். களிமண் மாடல் பக்கத்துல அடிக்கோல் வெச்சு போட்டோ எடுத்து, பிரிண்ட்ல கையெழுத்து வாங்குங்க. ரப்பர் பூசின பிறகு "மூக்கு கொஞ்சம் சின்னதா"ன்னா ஒண்ணும் பண்ண முடியாது.

தூணை அளவு எடுக்கறது சிமென்ட் பூச்சுக்கு அப்புறம்தான். பக்கத்துக்கு 12-லிருந்து 15 எம்எம் ஏறும், நாலு தூணும் ஒரே அளவா இருக்கவும் இருக்காது. பெரிய தூணுக்குச் செஞ்சு சின்ன தூணுல இடுக்கை அடைக்கறது சுலபம். களிமண் காய்ஞ்சா சுருங்கும், அதனால பாதி காய்ஞ்ச தோல் பதத்துலேயே அச்சு எடுங்க. பிளாஸ்டிசின் (காயாத எண்ணெய்க் களிமண்) மாடல்னா பாக்கெட்ல கந்தகம் இல்லாததான்னு பாருங்க. கந்தகம் இருந்தா பிளாட்டினம் வகை சிலிகான் பிசுபிசுன்னு இறுகாமலே நிக்கும்.

நேர் கார்னிஸுக்கு ரப்பர் வீண் செலவு. தகட்டுல பக்கவாட்டு வடிவம் வெட்டி, பலகையில ஜிப்சத்தைக் கொட்டி இழுத்தாலே வந்துரும். அதை அடிக் கணக்குல, போதிகையைப் பீஸ் கணக்குல, பேனலைச் சதுரடிக் கணக்குல பேசுங்க.

---

ஓடாநிலை_வார்ப்பு:

மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனா அந்த அளவு போதிகையை முழு வார்ப்பா ஏன் போடறீங்க? 2¼ கன அடி, முழுக் கட்டியாக் கணக்குப் பார்த்தா 150 கிலோ. குடைவு போனாலும் 100-க்குக் கீழ இறங்காது. முதல் மாடிக்கு ஏத்த 4 ஆள் வேணும். ஜிஆர்சி-ல, அதாவது கண்ணாடி இழை கலந்த சிமென்ட்ல, 12 எம்எம் கனத்துக்கு உள்ளீடற்ற ஓடு மாதிரி வார்த்தா 20 கிலோவுக்குள்ள அடங்கும். தூணைச் சுத்தி ரெண்டு பாதியா மாட்டிக்கலாம்.

கலவை: சிமென்ட் 50 கிலோ, கழுவி உலர்த்தின சிலிகா மணல் 50, தண்ணி 14 லிட்டர், பாதி திடப்பொருள் உள்ள அக்ரிலிக் பாலிமர் 5 கிலோ, தண்ணி ஜாஸ்தி விடாம கலவையை இளக வைக்கற சூப்பர் பிளாஸ்டிசைசர் அரை கிலோவுக்குள்ள. கண்ணாடி இழை மொத்த எடையில 3 சதவீதம், அதாவது மூன்றரை கிலோ, 12 எம்எம் நீளம். இழையைக் கடைசியில தூவி ஒண்ணு ஒண்ணரை நிமிஷம்தான் ஓட்டணும். மேல ஓட்டினா இழை நொறுங்கி உருண்டை கட்டும். முதல்ல இழையில்லாத குழம்பைப் பிரஷ்ல 2 எம்எம் முகப்பூச்சாப் பூசுங்க, இல்லாட்டி முகத்துல இழை முள்ளு மாதிரி துருத்தும். முகப்பூச்சு முழுசாக் காய விட்டா பின்பூச்சு ஒட்டாது, தொட்டா விரல்ல ஒட்டற பதத்துலயே அடுத்ததைப் போடுங்க.

---

சேவூர்_சுதை:

நன்றிங்க அண்ணா. இழைன்னா ஃபைபர் கடையில விக்கற 450 மேட், அந்தக் கண்ணாடி இழை விரிப்பைக் கிழிச்சுப் போட்டா ஆகாதுங்களா? கிட்டவே கிடைக்குது.

---

ஓடாநிலை_வார்ப்பு:

ஆகவே ஆகாது. படகுக்கும் தண்ணித் தொட்டிக்கும் போடற அந்தக் கண்ணாடியைச் சிமென்ட்டோட காரம் தின்னுரும். ஆரம்பத்துல பலமா இருக்கும், கொஞ்ச வருசத்துல வெறும் சிமென்ட் ஓடுதான் மிஞ்சும். காரத்தைத் தாங்கற ஏஆர் கிளாஸ்னு கேட்டு வாங்குங்க, அதுல சிர்க்கோனியா சேர்ந்திருக்கும்.

ஃபைபர் ஜாக்கெட் போடும்போது ஒண்ணு: ரெசின்ல வேகமூட்டற கோபால்ட்டை முழுசாக் கலக்கி முடிச்ச பிறகுதான் இறுக வைக்கற எம்இகேபி. ரெண்டும் நேரா சேர்ந்தா தீ, சில நேரம் வெடிப்பு. ரெண்டு டப்பாவையும் ரெண்டு மூலையில வைங்க, அளக்கற கிண்ணமும் வேற வேற.

---

கூட்டத்துக்_கோயில்:

நம்ம ஊர்ல குலதெய்வக் கோயில் வேலை வந்துக்கிட்டே இருக்கும், அதை விட்டுராதீங்க. ஆனா அந்தக் கணக்கு வேற. வீட்டுத் தோரணத்துல யாளி ஒரு அங்குலம் குட்டையானா யாரும் கேக்க மாட்டாங்க. கோயில்ல ஸ்தபதி தாலம், அதாவது உருவத்தோட உயரத்தைக் கூறு போடற அளவு முறை, சொல்லுவார்: உத்தம தசதாலம்னா 124 கூறு, மத்திம நவதாலம்னா 108. அச்சுல வார்த்த உருவத்தை ஒத்துக்கறதா இல்லையான்னு அவர்கிட்ட முன்னாடியே கேட்டுக்கங்க.

பழைய சுண்ணாம்புச் சுதை மேல சிமென்ட் ஒட்டுப் போடச் சொன்னா மறுத்துருங்க. சிமென்ட் கடினம், ஈரத்தை உள்ளயே பூட்டும், அடுத்த கும்பாபிஷேகம் வரைக்கும் தாங்காம தகடு தகடாக் கழலும். ஊறப்போட்டு நொதிச்ச கடுக்காய்த் தண்ணியும் வெல்லமும் சேர்த்து அரைச்ச சுண்ணாம்புக்குச் சுண்ணாம்பேதான் ஜோடி. இனாமல் பெயின்ட் அடிக்கறதும் அதே தப்புத்தான், ஆனா அதைச் சொன்னா கமிட்டியில யாரும் காது குடுக்கறதில்லை.

கல்லுல வேணும்னா சிற்பிகள் இருக்கற திருமுருகன்பூண்டிக்கு அனுப்பிருங்க. உங்க ஷெட்ல கருங்கல்லை உலர் பிளேடு போட்டு அறுக்க விடாதீங்க, அந்தத் தூசி நுரையீரலைவிட்டு வெளியே வராது. மூஞ்சியில துண்டு கட்டறது அதுக்குப் பத்தாது. வார்ப்பை கிரைண்டர்ல தேய்க்கறதையும் தண்ணி விட்டே பண்ணுங்க.

---

நொய்யல்கரை:

மூணாவது கேள்விக்கு யாரும் பதில் சொல்லலையே. ஒரே ஷெட் சரி, ஆனா ஜிப்சத்துக்குத் தனி மூலை, தனி வாளி, தனி கரணை. சிமென்ட்ல ஜிப்சம் கலந்தா இறுகற நேரம் தாறுமாறா ஆகும், பிறகு உள்ளேயே உப்பி வெடிக்கும். ஜிப்சம் வாளியையும் ஒவ்வொரு தடவையும் சுரண்டிக் கழுவணும். போன கலவையில இறுகின துணுக்கு அடியில இருந்தா புதுசு கைக்கு வர்றதுக்குள்ள கட்டியாயிரும். பொடியைத் தண்ணியில தூவணும், தண்ணியைப் பொடியில ஊத்தக் கூடாது. கிலோவுக்கு 650 மில்லி. ரெண்டு நிமிஷம் ஊற விட்டு, குமிழி வராமக் கலக்குங்க. கார்னிஸ் முதுகுல தேங்காய்நார் பிரிச்சு வெச்சா உடைசல் குறையும், நம்ம பக்கம் நாருக்கா பஞ்சம்.

வெளிச்சுவருக்கு ஜிப்சம் கேட்டா கொடுக்காதீங்க, மழையில கரையும். உள்ளே மாட்டறதுக்கும் கால்வனைஸ் ஸ்க்ரூதான். சாதா ஆணி போட்டா ரெண்டே மாசத்துல வெள்ளைப் பூ மேல காப்பிக் கறை இறங்கி, பெயின்டர் உங்களைச் சொல்லுவார், நீங்க பெயின்டரைச் சொல்லுவீங்க.