போர்ட்டல் சிரையின் அளவு குறைந்திருக்கிறது. இதை முன்னேற்றம் என்று கொள்ளலாமா?

அரசலாறு (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். என் தந்தையின் இரண்டு ஸ்கேன் அறிக்கைகளை அருகருகே வைத்துப் பல முறை படித்தும் பொருள் விளங்காததால் இங்கே கேட்கிறேன்.

தந்தைக்கு வயது 63. 18 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. வாழ்நாளில் ஒரு முறை கூட மதுவைத் தொடாதவர். சென்ற ஆண்டு கால் வீக்கத்துக்காக மருத்துவரிடம் அழைத்துச் சென்றபோது, கல்லீரலில் சேர்ந்த கொழுப்பு ஆண்டுக்கணக்கில் புண்ணாகித் தழும்பாகிச் சிரோசிஸ் என்னும் கல்லீரல் சுருக்க நோயாக மாறிவிட்டது என்று சொன்னார்கள். அப்போது எடுத்த ஸ்கேனில், கல்லீரலுக்கு இரத்தம் கொண்டுசெல்லும் போர்ட்டல் சிரை 14.5 மி.மீ., மண்ணீரல் 13.4 செ.மீ. என்று இருந்தது. இரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்களின் எண்ணிக்கை 1,18,000.

சென்ற வாரம் வேறொரு மையத்தில், இரத்த ஓட்டத்தின் திசையையும் வேகத்தையும் காட்டும் டாப்ளருடன் மீண்டும் எடுத்தோம். இப்போது போர்ட்டல் சிரை 12 மி.மீ., இரத்தம் கல்லீரலை நோக்கியே செல்கிறது, வேகம் விநாடிக்கு 10 செ.மீ., மண்ணீரல் 15.1 செ.மீ., மண்ணீரல் வாயிலருகே நெளிந்த நாளங்கள், கல்லீரலைச் சுற்றிச் சிறிதளவு நீர் என்று எழுதியிருக்கிறார்கள். பிளேட்லெட் 82,000 ஆகிவிட்டது.

"13-க்கு மேல் இருந்தால்தான் ஆபத்து, இப்போது 12-க்கு வந்துவிட்டதே, மருந்து வேலை செய்கிறது" என்கிறார் சித்தப்பா. மருத்துவர் எழுதிக் கொடுத்த எண்டோஸ்கோப்பியைத் தங்கையின் வளைகாப்பு முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டில் தள்ளிப் போட்டுவிட்டார்கள். குழாயை விழுங்க அஞ்சும் தந்தைக்கும் அதுவே வசதியாகப் போயிற்று. எனக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. இந்த 12 உண்மையில் நல்ல செய்திதானா?


மீயொலி:

வணக்கம். கதிரியல் மருத்துவனாக 22 ஆண்டுகளாக டாப்ளர் செய்து வருகிறேன். உங்கள் கேள்விக்கு நேரடியான விடை, அந்த 12-ஐ நல்ல செய்தியாகக் கொள்ள முடியாது என்பதே. எண்டோஸ்கோப்பியைத் தள்ளிப் போட வேண்டாம். ஏன் என்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். வீட்டில் எடுத்துச் சொல்ல உதவும்.

உடலில் பெரும்பாலான உறுப்புகளுக்குத் தமனி ஒன்றே இரத்தம் கொண்டுவருகிறது. கல்லீரலுக்கோ இரண்டு வரத்துகள் உண்டு. நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் இரத்தம் அதற்குள் பாய்கிறது. அதில் முக்கால் பங்கு போர்ட்டல் சிரை வழியாகவும், மீதி கல்லீரல் தமனி வழியாகவும் வருகிறது. குடலிலிருந்து உணவுச் சத்தை ஏந்திவரும் சிரையும் மண்ணீரலிலிருந்து வரும் சிரையும் கணையத்தின் கழுத்துக்குப் பின்னால் கூடி உண்டாவதுதான் போர்ட்டல் சிரை. அது கல்லீரலுக்குள் நுழைந்து, கிளை கிளையாகப் பிரிந்து, சல்லடை போன்ற சுவர் கொண்ட நுண்குழாய்களில் கசிந்து, மூன்று பெரிய கல்லீரல் சிரைகளாகத் திரண்டு இதயத்துக்குப் போகிறது. நலமான கல்லீரலில் இந்தப் பாதைக்கு எதிர்ப்பு மிகக் குறைவு. நுழையும் இடத்துக்கும் வெளியேறும் இடத்துக்கும் இடையிலான அழுத்த வேறுபாடு 1 முதல் 5 மி.மீ. பாதரசம் மட்டுமே.

சிரோசிஸில் அந்தச் சல்லடை அடைபடுகிறது. நுண்குழாய்ச் சுவரை ஒட்டியிருக்கும் செல்கள் நார்ப்பொருளைப் படிய வைக்கின்றன. இடையிடையே முளைக்கும் முடிச்சுகள் குழாய்களை நெரிக்கின்றன. அந்த அழுத்த வேறுபாடு 10-ஐத் தொட்டால் உணவுக்குழாயில் நாளப் புடைப்புகள் உருவாகும் நிலையும், 12-ஐத் தாண்டினால் அவை வெடித்து இரத்தம் கொட்டும் ஆபத்தும் வருகின்றன. டெல்டாக்காரரான உங்களுக்கு இதை விளக்க அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மதகு அடைபட்டால் வாய்க்கால் முதலில் ததும்பும். பிறகு கரையில் எங்கே பலவீனமோ அங்கே உடைத்துக்கொண்டு பக்கவழி தேடும். பக்கவழி திறந்த பின் வாய்க்காலில் நீர்மட்டம் இறங்கிவிட்டது என்பதற்காக மதகு சரியாகிவிட்டதாக யாரும் சொல்வதில்லை அல்லவா?

உங்கள் தந்தைக்கு நடந்திருப்பதும் பெரும்பாலும் அதுதான். மண்ணீரல் வாயிலருகே உள்ள நெளிந்த நாளங்கள், மண்ணீரல் இரத்தத்தின் ஒரு பகுதியைக் கல்லீரலுக்கு அனுப்பாமல் இடது சிறுநீரகச் சிரைப் பக்கமாகத் திருப்பும் பக்கவழியாக இருக்கக்கூடும். அப்படித் திரும்பிய இரத்தம் போர்ட்டல் சிரைக்கு வந்து சேரவே போவதில்லை. ஆகவே சிரை மெலிகிறது, ஓட்டம் மந்தமாகிறது. அமைதியான மூச்சில், வெறும் வயிற்றில், அதன் வேகம் வழக்கமாக விநாடிக்கு 16 முதல் 40 செ.மீ. வரை இருக்கும். 10 என்பது தெளிவாகக் குறைவு. இன்னும் முற்றினால் இரத்தம் திசை மாறிக் கல்லீரலை விட்டு வெளியே ஓடத் தொடங்கும். அந்த நிலைக்கு உங்கள் தந்தை வரவில்லை என்பதை அறிக்கையே சொல்கிறது.

இரண்டு அளவுகளையும் ஒப்பிடுவதில் இன்னொரு சிக்கலும் உள்ளது. ஆழமாக மூச்சை இழுத்துப் பிடித்தால் போர்ட்டல் சிரை விரியும். உணவுக்குப் பின் ஓட்டம் பெருகும். டாப்ளர் கற்றைக்கும் இரத்த ஓட்டத்துக்கும் இடையிலான கோணம் 60 பாகைக்கு மேல் போனால், கோணத்தில் நேரும் சிறு பிழை கூட வேகத்தைப் பெரிதாகத் தவறாக்கிவிடும். சென்ற ஆண்டின் 14.5 எந்த மூச்சில் அளந்தது என்று நமக்குத் தெரியாது. ஆனால் 13.4-லிருந்து 15.1-க்கு மண்ணீரல் வளர்ந்ததையும், பிளேட்லெட் 82,000-க்கு இறங்கியதையும், புதிதாக நீர் சேர்ந்ததையும் மூச்சின் மேல் பழி போட முடியாது. அவை மூன்றும் ஒரே திசையைக் காட்டுகின்றன. வீங்கிய மண்ணீரல் பிளேட்லெட்டுகளைத் தன்னுள் பிடித்து வைத்துக்கொள்கிறது.

ஸ்கேனைப் பற்றி எல்லோரும் அறிய வேண்டிய ஒன்று உண்டு. டாப்ளர் அழுத்தத்தை அளப்பதே இல்லை. அது காட்டுவது பாதையையும் திசையையும் வேகத்தையும்தான். திரையில் நிறத்தைப் பார்ப்பதற்கு முன் நான் காதால் கேட்பேன். போர்ட்டல் சிரையின் ஒலி, பனங்காட்டில் காற்று வீசுவது போல இடைவிடாமல், மூச்சோடு சற்றே ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். அதன் அருகிலேயே கல்லீரல் தமனி துடிதுடித்து ஒலிக்கும். நோய் முற்ற முற்ற அந்தக் காற்றோசை தேய்ந்து, தமனியின் துடிப்பு ஓங்கும்; போர்ட்டல் வரத்து குறைவதைத் தமனி விரிந்து ஈடுகட்ட முயல்வதால் அப்படி. கல்லீரல் சிரைகளில் இதயத்தின் அசைவை ஒட்டி முன்னும் பின்னுமாக ஆடும் அலை, கல்லீரல் விறைத்த பின் தட்டையான கோடாகிவிடும். இவற்றையெல்லாம் சேர்த்துப் படித்தால்தான் அறிக்கைக்குப் பொருள். விட்டத்தை மட்டும் பிடித்துக்கொள்வது எனக்கு உடன்பாடில்லை. சிரையின் விட்டம் இயல்பாக இருப்பதால் போர்ட்டல் அழுத்தம் உயரவில்லை என்று ஆகாது.

உணவுக்குழாய்ப் புடைப்புகளை வயிற்றின் மேல் வைக்கும் கருவியால் நம்பகமாகப் பார்க்க முடியாது. அதற்கு எண்டோஸ்கோப்பிதான் வழி. கல்லீரல் விறைப்பு 20 கிலோபாஸ்கலுக்குக் குறைவாகவும் பிளேட்லெட் 1,50,000-க்கு அதிகமாகவும் உள்ள, நோய் இன்னும் கட்டுக்குள் இருக்கும் நோயாளிகள் அதைத் தவிர்க்கலாம் என்று 2015-இல் இத்தாலியின் பவேனோ நகரில் கூடிய வல்லுநர்கள் வகுத்த விதி ஒன்று உண்டு. உங்கள் தந்தைக்கு அந்தச் சலுகை பொருந்தாது.


கொன்றைப்பூ:

மருத்துவர் ஐயா சொன்னதோடு என் தாயாரின் அனுபவத்தையும் சேர்க்க விரும்புகிறேன். அவருடைய அறிக்கையில் போர்ட்டல் ஓட்டத்தின் வேகம் 22 செ.மீ., திசை சரி என்று இருந்ததால் நாங்கள் நிம்மதியாக இருந்துவிட்டோம். நான்கு மாதங்கள் கழித்து வேறொரு மருத்துவர் தொப்புளுக்கும் கல்லீரலுக்கும் நடுவே கருவியை வைத்துப் பார்த்தபோது, அங்கே ஒரு நாளம் திறந்து ஓடிக்கொண்டிருந்தது. முதல் மையத்தில் அந்த இடத்தைப் பார்க்கவே இல்லை. ஐயா, வேகம் நன்றாக இருந்தும் இப்படி ஆவது எதனால்?

அரசலாறு அவர்களுக்கு ஒரு வார்த்தை. என் தாயாரும் மது அருந்தியவர் அல்லர். உறவினர்கள் கேட்ட கேள்விகளுக்கு நோயை விட அதிகமாக அவர் குன்றிப் போனார். சர்க்கரையும் உடல் பருமனும் கூட இந்த நோயைக் கொண்டுவரும் என்பதை நாம்தான் கேட்பவர்களிடம் உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது.


மீயொலி:

அம்மா, மிகச் சரியான இடத்தைத் தொட்டுக் கேட்டிருக்கிறீர்கள். கருவில் இருக்கும்போது தாயிடமிருந்து வரும் இரத்தம் தொப்புள் சிரை வழியாகப் போர்ட்டல் சிரையின் இடது கிளையில்தான் வந்து சேர்கிறது. பிறந்த பின் அந்தச் சிரை சுருங்கி வெறும் நாராகிவிடும். அந்த நாரை ஒட்டி மெல்லிய சிரைகள் சில இருக்கும்; போர்ட்டல் அழுத்தம் ஏறும்போது அவை மீண்டும் திறந்து விரிகின்றன. இந்தப் பக்கவழி கல்லீரலுக்குள் நுழைந்த பிறகு பிரிவதால், இரத்தம் முழுவதும் போர்ட்டல் சிரையைக் கடந்தே தீர வேண்டும். அதனால் திசையும் வேகமும் பார்வைக்கு நன்றாகவே இருக்கும். தழும்பேறிய கல்லீரலை மட்டும் இரத்தம் தொடாமல் போய்விடும். இந்த நாளத்தில் கல்லீரலை விட்டு வெளியேறும் ஓட்டத்தைக் கண்டால், போர்ட்டல் அழுத்தம் உயர்ந்திருக்கிறது என்று நான் தயங்காமல் எழுதுவேன். ஸ்கேன் செய்பவரிடம் "தொப்புள் பக்கத்து நாளத்தையும் பார்த்துவிடுங்கள்" என்று கேட்பதில் தவறே இல்லை.


தாமிரபரணிக்கரை:

இதைப் படிப்பவர்களில் குழந்தைகளின் பெற்றோரும் இருக்கலாம் என்பதால் ஒன்று சொல்கிறேன். போர்ட்டல் அழுத்தம் உயர்ந்தாலே சிரோசிஸ் என்று பொருள் அன்று. என் அக்காள் மகன் 7 வயதில் திடீரென்று இரத்த வாந்தி எடுத்தான். கல்லீரல் இரத்தப் பரிசோதனைகள் எல்லாம் இயல்பாக இருந்தன, மண்ணீரல் மட்டும் தொப்புள் வரை வளர்ந்திருந்தது. ஸ்கேனில் போர்ட்டல் சிரை இருக்க வேண்டிய இடத்தில் புழுக்கூட்டம் போலச் சிறு நாளங்கள் பின்னிக் கிடந்தன. எப்போதோ போர்ட்டல் சிரையில் இரத்தம் உறைந்து அடைபட, உடல் தானாக அமைத்துக்கொண்ட மாற்றுவழி அது என்று விளக்கினார்கள். இத்தகைய அடைப்பு இந்தியக் குழந்தைகளிடம் அரிதானது அன்று என்பதையும் அப்போதுதான் அறிந்தோம்.


அரசலாறு:

மீயொலி ஐயாவின் பதிலை அச்செடுத்துச் சித்தப்பாவிடம் கொடுத்தேன். மதகு உவமையைப் படித்ததும் வேறு பேச்சுப் பேசவில்லை. மறுநாள் அவரே மருத்துவமனைக்கு வந்தார். எண்டோஸ்கோப்பியில் பார்த்தபோது தந்தையின் உணவுக்குழாயில் நடுத்தர அளவுள்ள மூன்று புடைப்புகள் இருந்தன. ஒன்றின் மேல் செந்நிறக் கோடு தெரிந்ததாகவும், அது எப்போது வேண்டுமானாலும் வெடிக்கக்கூடியதன் அடையாளம் என்றும் சொல்லி, அப்போதே புடைப்புகளை இறுக்கும் ரப்பர் வளையம் போட்டார்கள். மூன்று வாரம் கழித்து மீண்டும் வரச் சொல்லியிருக்கிறார்கள். கார்வெடிலால் மாத்திரை 6.25 மி.கி. தொடங்கியிருக்கிறார்கள். இது இரத்தக் கொதிப்புக்கான மாத்திரை அல்லவா என்று தந்தை கேட்கிறார்.


மீயொலி:

நல்ல வேளை, நேரத்தில் பார்த்தீர்கள். கொதிப்புக்குத் தரும் மாத்திரைதான் அது. இங்கே அதன் வேலை வேறு. குடல் நாளங்களுக்குள் வரும் வரத்தைக் குறைத்து, கல்லீரலுக்குள் உள்ள இறுக்கத்தையும் சற்றுத் தளர்த்தும். ஆகவே "எனக்குக் கொதிப்பு இல்லையே" என்று இடையில் நிறுத்திவிடக் கூடாது. சர்க்கரை நோயாளி என்பதால் இன்னொன்றையும் கவனியுங்கள். சர்க்கரை தாழ்ந்தால் வரும் படபடப்பையும் நடுக்கத்தையும் இந்த மாத்திரை மறைத்துவிடும். வியர்வையை மட்டும் அது மறைக்காது; வியர்த்தால் உடனே சர்க்கரையைச் சோதியுங்கள். கால்வலிக்கு டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் போன்ற மாத்திரைகளைக் கடையில் கேட்டு வாங்கித் தர வேண்டாம். மலம் தார் போலக் கறுத்தாலும் இரத்த வாந்தி வந்தாலும் விடியும் வரை காத்திராமல் கிளம்பிவிடுங்கள்.

கல்லீரல் புற்றுநோய் தோன்றுகிறதா என்று 6 மாதத்துக்கு ஒரு முறை ஸ்கேன் செய்ய வேண்டும். இயன்றவரை ஒரே மையத்தில், காலை முதல் ஆளாக, வெறும் வயிற்றில் எடுங்கள். முந்தைய அறிக்கையை மருத்துவரின் மேசையில் வைத்துவிட்டே படுக்கையில் ஏறச் சொல்லுங்கள். வெறும் வயிற்றோடு காத்திருக்கும் அன்று இன்சுலின் அளவை என்ன செய்வது என்பதை முந்தின நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.


அரசலாறு:

மிக்க நன்றி ஐயா. நீங்கள் சொன்னவற்றை மருந்துச் சீட்டின் பின்புறத்திலேயே எழுதி வைத்துவிட்டேன். அடுத்த ஸ்கேனுக்கான தேதியையும் நாட்காட்டியில் வட்டமிட்டாயிற்று. வளையம் போட்ட இடம் ஆறும் வரை சூடாகவும் கெட்டியாகவும் எதுவும் தரக் கூடாது என்றார்கள். உப்பைக் குறைத்துக் குழையப் பிசைந்த தயிர்சாதத்தை இன்று இரவு ஒரு கிண்ணம் முழுவதும் சாப்பிட்டார். வளைகாப்புக்கு இன்னும் 11 நாட்கள் இருக்கின்றன.