மறு: சிறுகுடலின் செக்மென்டேஷன்: ‘துண்டாதல்’ சரியா?

வணக்கம். பள்ளி உயிரியல் கையேட்டில் சிறுகுடல் பகுதியைத் திருத்தி வருகிறோம். பெரிஸ்டால்சிஸுக்கு ‘அலைவியக்கம்’ என்று வைத்தாயிற்று. சிறுகுடலின் மற்றோர் அசைவான செக்மென்டேஷனுக்கு வரைவில் ‘துண்டாதல்’ என்றிருக்கிறது. இரண்டையும் சேர்த்துக் ‘குடல் அசைவு’ என்று விட்டுவிடலாமா?

---

> இரண்டையும் சேர்த்துக் ‘குடல் அசைவு’

சேர்க்கவே கூடாது ஐயா. அலைவியக்கத்தில் உணவுக்கு மேற்புறம் வட்டத்தசை இறுகும், கீழ்ப்புறம் தளரும். உணவு முன்னே தள்ளப்படும். 1899இல் உடலியலாளர்கள் பேலிஸும் ஸ்டார்லிங்கும் விளக்கியது இதைத்தான். செக்மென்டேஷனில் சில செ.மீ. இடைவெளி விட்டு வட்டத்தசை பல இடங்களில் ஒரே நேரத்தில் இறுகுகிறது. சில நொடிகளில் அவை தளர்ந்து, நடுவே உப்பியிருந்த இடங்கள் இறுகும். இரைப்பைப்பாகு (இரைப்பையிலிருந்து வரும் அரைபட்ட உணவுக்கூழ்) முன்னும் பின்னும் போய்வருவதால் பித்தநீரும் கணையநீரும் அதில் நன்றாகக் கலக்கின்றன. குடலுறிஞ்சிகளை (சத்தை உறிஞ்சும், விரல் போன்ற சிறு நீட்சிகளை) ஒட்டியிருக்கும் பாகும் மாறிக்கொண்டே இருக்கிறது. இல்லையென்றால் செரித்த சத்து குழாயின் நடுவிலேயே தங்கிவிடும், சுவரை எட்டாது.

மார்ஃபின் கொடுத்தால் மலச்சிக்கல் வருவதையும் இந்த வேறுபாடு இல்லாமல் விளக்க முடியாது. குடல் அசையாமல் நின்றுவிடுவதில்லை. தள்ளும் அலை குறைகிறது, தள்ளாத சுருக்கம் மிகுகிறது. நீர் கூடுதலாக உறிஞ்சப்பட்டு மலம் இறுகுகிறது. இரண்டுக்கும் ஒரே பெயர் இருந்தால் மாணவர் இதை எப்படிப் புரிந்துகொள்வார்?

‘துண்டாதல்’ வேண்டாம். குடலும் துண்டாவதில்லை, பாகும் நிலையாகப் பிரிவதில்லை. ‘இடைநெரிப்பு’ என்று முன்மொழிகிறேன்.

---

> ‘இடைநெரிப்பு’

நெரிப்பு என்றாலே நோய்க்குறிப்பு போல ஒலிக்கிறது. குடலிறக்கத்தில் ரத்த ஓட்டம் அடைபடுவதை ‘நெரிபட்ட குடலிறக்கம்’ என்று எழுதுகிறோம்; அது உடனே அறுவை தேவைப்படும் நிலை. இயல்பான அசைவுக்கு அதே வேர்ச்சொல் ஆகாது. ‘கலக்கியக்கம்’ என்றால் பயன் பெயரிலேயே தெரியும்.

---

> ‘கலக்கியக்கம்’

அம்மா, கலக்குவதை இரைப்பையும் செய்கிறதே. அதன் கீழ்ப்பகுதியில் நிமிடத்துக்கு 3 அலை வீதம் வந்து உணவை அரைத்துக் கலக்கும். ஆனால் அது அலைவியக்கம். தவிர, செக்மென்டேஷன் கலக்குவதோடு நிற்பதில்லை. முன்சிறுகுடலில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 12 முறையும், பின்சிறுகுடலின் கடைசியில் 8, 9 முறையும் சுருங்குகிறது. மேலே அடிக்கடி, கீழே குறைவாகச் சுருங்குவதால் பாகு மெல்ல மெல்லக் கீழ்நோக்கி நகரும். சிறுகுடலைக் கடக்க 3 முதல் 5 மணி நேரம் ஆவது இந்த நிதானத்தால்தான். அந்த நேரம் உட்கிரகிப்புக்கு வேண்டும்.

‘சுற்றுச்சுருக்கு’ என்று வைக்கலாமே என்றால், அதுவும் இங்கே உதவாது, இரண்டு அசைவிலும் சுருங்குவது வட்டத்தசையே. வேறுபடுவது சுருங்கும் ஒழுங்கு: ஒன்று தொடர்ந்து ஓடுகிறது, மற்றது விட்டுவிட்டு நிற்கிறது. ஆகவே ‘இடையிடைச் சுருக்கம்’.

---

> ‘இடையிடைச் சுருக்கம்’

எனக்கு முழு உடன்பாடு. ‘இடைநெரிப்பு’ முன்மொழிவைத் திரும்பப் பெறுகிறேன். படம் போடுபவர் கவனிக்க: அம்புக்குறி இரு திசையிலும் இருக்க வேண்டும், பழைய படத்தில் கீழ்நோக்கி மட்டும் இருக்கிறது. பெருங்குடலுக்கு இந்தச் சொல்லை நீட்ட வேண்டாம். அங்கே பை போன்ற புடைப்புகள் மிக மெதுவாகச் சுருங்குகின்றன, அதற்குத் தனிப்பெயர் தேடுவோம்.