ஜூலை 15: பத்திரத்தில் எழுதணுமா, வேண்டாமா?

அளவைக்கல்:
நிலத்தை வாங்கியோ ஒப்பந்தம் போட்டோ காக்கும் அறக்கட்டளைதான் நில டிரஸ்ட். அதைப் பற்றிய பக்கத்து இழையில் காட்டுவழி எழுதியது இது: "டிரஸ்ட் ஒரு இடத்தை வாங்கிப் பூட்டிவிட்டால் வேலை முடிந்தது, மீதியை இயற்கை பார்த்துக்கொள்ளும்." இதைப் படித்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை. அமெரிக்காவின் வடகிழக்கே நியூ இங்கிலாந்தில் ஒரு புல்வெளியை வெட்டாமல் விட்டுப் பாருங்கள். முதலில் மல்டிஃப்ளோரா ரோஜா முள் வரும், அப்புறம் வெள்ளைப் பைனும் பிர்ச்சும். ஓரத்தில் ஓரியண்டல் பிட்டர்ஸ்வீட் கொடி மரத்தைச் சுற்றி இறுக்கும். அதை வெட்டினால் மட்டும் போதாது, வெட்டிய கையோடு அடிக்கட்டையில் களைக்கொல்லி தடவவில்லை என்றால் மறுபடி துளிர்க்கும். தண்டு தடித்துவிட்டால் சாதாரணப் புல்வெட்டி ஏறாது, காட்டு வேலைக்கான கனரக இயந்திரம்தான் வேண்டும், செலவு எங்கேயோ போய்விடும். பூட்டினால் எது மிஞ்சும்?

காட்டுவழி:
புல்வெளிக்கு முன்னால் அங்கே இருந்தது காடு. விவசாயத்துக்காக வெட்டியதைத் திரும்ப வளரவிட்டால் உங்களுக்கு என்ன நஷ்டம்? பறவை கூடு கட்டுகிற இடத்தில் இயந்திரம் ஓட்டிவிட்டு அதற்குப் பாதுகாப்பு என்று பெயர் வைக்கிறீர்கள்.

அளவைக்கல்:
கூட்டின்மேல் ஓட்டச் சொன்னது யார்? பாபோலிங்க் என்கிற புல்வெளிப் பறவை தரையில் கூடு கட்டும். அடைகாப்பு சுமார் 12 நாள். குஞ்சு 10, 11 நாளில் கூட்டை விட்டு இறங்கும், ஆனால் உடனே பறக்காது, புல்லுக்குள் பதுங்கியிருக்கும். ஜூனில் வெட்டினால் அத்தனையும் சாகும். அதனால்தான் ஜூலை 15க்கு முன் வெட்டக் கூடாது என்கிறோம், ஆகஸ்ட் 1 இன்னும் நல்லது. வயலின் நடுவில் தொடங்கி வெளிப்பக்கமாக வெட்டணும், உயிர்கள் ஓரத்துக்குத் தப்பிக்க வழி இருக்கும். ஆமை உள்ள இடமென்றால் கத்தியை 8, 10 அங்குலம் தூக்கி வையுங்கள். இந்த ஜூலை 15 ஈஸ்மென்ட் பத்திரத்திலேயே, அதாவது நிலத்தை எப்படிப் பயன்படுத்தலாம் என்று உரிமையாளர் டிரஸ்டுக்கு எழுதித் தரும் பத்திரத்திலேயே, இருக்கணும். இல்லாவிட்டால் அந்த டிரஸ்ட் காப்பாற்றுவது வெறும் மண்ணை.

வில்லங்கம்:
பத்திரத்தில் தேதியா? ஈஸ்மென்ட் என்றென்றைக்கும் உள்ளது, சார். பருவம் முன்னே நகர்ந்துகொண்டிருக்கிறது, நாளைக்கு வேறு பறவை வரும். மாசசூசெட்ஸில் அந்த ஒரு வரியைத் திருத்த ஊர் நிர்வாகமும் மாநிலச் சுற்றுச்சூழல் துறைச் செயலாளரும் ஒப்புதல் தரணும். தேதி மேலாண்மைத் திட்டத்தில் இருக்கட்டும். திட்டத்தை 5 அல்லது 10 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கலாம். பத்திரத்தில் "திட்டத்தின்படி வெட்டணும்" என்று ஒரு ஷரத்து போதும், அடுத்த உரிமையாளரையும் அது கட்டும்.

அளவைக்கல்:
திட்டம் அலமாரியில் தூங்கும். பதிவாளர் அலுவலகத்தில் இருப்பது பத்திரம். நிலத்தை அடுத்து வாங்குகிறவர் படிப்பதும் பத்திரம். அவர் ஜூன் 10 அன்று வெட்டினால் எந்தக் காகிதத்தைக் காட்டி வழக்குப் போடுவீர்கள்? ஜூலை 15 பத்திரத்தில் இருக்கணும்.

தீவனப்புல்:
இரண்டு பேரும் மாடு என்ன தின்னும் என்று யோசிக்கவே இல்லை. ஜூலை 15க்கு அப்புறம் வெட்டுகிற புல்லில் புரதம் இறங்கிவிடும், கறவைக்கு உதவாது. வெர்மான்டில் சோதித்த வழி ஒன்று இருக்கிறது: முதல் வெட்டை மே கடைசிக்குள் முடி, பிறகு 65 நாள் தொடாதே. பறவை திரும்பி வந்து கூடு கட்டிக் குஞ்சை வளர்க்க அந்த இடைவெளி போதும். உழவருக்கும் நல்ல தீவனம் கிடைக்கும். உங்கள் தேதியைப் பத்திரத்தில் செதுக்கினால் இந்த வழியே அடைபட்டுப் போகும்.

அளவைக்கல்:
மே முழுக்க மழை பெய்தால்? முதல் வெட்டு ஜூன் நடுவுக்குத் தள்ளிப் போகும், கூட்டில் முட்டை இருக்கும், 65 நாள் கணக்கு அங்கேயே உடையும். ஜூலை 15 உடையாது.

வில்லங்கம்:
அதைத்தான் நானும் சொல்கிறேன், மழைக்கு ஏற்ப மாற்றத்தான் திட்டம். போன வருஷம் அடமான இழையிலும் இதே பிடிவாதம்தான் பிடித்தீர்கள். வங்கியின் பின்னிலை ஒப்புதலை, அதாவது தன் அடமான உரிமை ஈஸ்மென்டுக்குப் பின்னால்தான் என்று வங்கி ஒத்துக்கொள்வதை, அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்று எழுதியது நீங்கள். ஈஸ்மென்டைத் தானம் கொடுக்கும் நேரத்திலேயே அது இருக்கணும், இல்லாவிட்டால் வரிச்சலுகை கிடையாது என்று அமெரிக்காவின் 10வது சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2015இல் சொல்லிவிட்டது.

அளவைக்கல்:
அந்த இழையை இங்கே எதற்கு இழுக்கிறீர்கள்? நான் சொன்னது வாங்கும் நிலத்தைப் பற்றி, தானத்தைப் பற்றி இல்லை. அடமானத்தில் இவ்வளவு கண்டிப்பு காட்டுகிறவர் வெட்டும் தேதியை மட்டும் காற்றில் விடுவது ஏன்?

காட்டுவழி:
வெட்டவே வேண்டாம் என்பவனுக்கு இன்னும் பதில் வரவில்லை. 1891இல் மாசசூசெட்ஸில் சார்லஸ் எலியட் முயற்சியால் முதல் டிரஸ்ட் வந்தது, மக்கள் அனுபவிக்கத் திறந்தவெளியைக் காப்பாற்றத்தான். அவர் புல்வெட்டியோடு வரவில்லை.

அளவைக்கல்:
எலியட் நிலத் தோற்ற வடிவமைப்பாளர், காட்டுவழி. காட்சி மூடாமல் இருக்க மரத்தை வெட்டித்தான் ஆகணும் என்று வாதாடியவர். அவரை உங்கள் பக்கம் இழுக்காதீர்கள்.

தீவனப்புல்:
பேஸ்லைன் அறிக்கையைப் பற்றி யாருமே பேசவில்லையே. ஒப்பந்த நாளில் புல்வெளி எவ்வளவு, புதர் எவ்வளவு என்று வரைபடமும், நின்ற புள்ளி, திசைமானிக் கோணத்தோடு படமும் எடுத்து, உரிமையாளரும் டிரஸ்டும் கையெழுத்துப் போட்டிருக்கணும். அது இல்லாமல் வருஷா வருஷம் போய்ப் பார்த்து எதோடு ஒப்பிடுவது? புதர் 3 ஏக்கர் ஏறிவிட்டது என்று எப்படி நிரூபிப்பது?

அளவைக்கல்:
பேஸ்லைன் எல்லையையும் புதரையும் காட்டும். ஜூன் 10 வெட்டைத் தடுக்காது. அதைத் தடுப்பது ஜூலை 15, அதுவும் பதிவான பத்திரத்தில்.

வில்லங்கம்:
பதிவான பத்திரத்தில் திட்டத்தைக் குறிப்பிட்டாலே அது அடுத்த உரிமையாளரையும் கட்டும் என்று மேலே எழுதியிருக்கிறேன். படித்துவிட்டு வாருங்கள்.

அளவைக்கல்:
படித்துவிட்டுத்தான் கேட்கிறேன். புதுப்பிக்க வேண்டிய வருஷம் உரிமையாளர் கையெழுத்துப் போட மறுத்தால் எந்தத் திட்டம் செல்லும்?

வில்லங்கம்:
பழைய திட்டம் செல்லும் என்று ஷரத்திலேயே எழுதுவார்கள். எழுதாத டிரஸ்டைப் போய்க் கேளுங்கள், என்னை அல்ல.